சாவி இல்லாமல் ஓடிய கம்ப்ரசர்

என் காத்துக்கார நைனாவுக்கு,

நீ போன பிறகும் நீ பஞ்சர் ஒட்டப் போகும் வேன் சும்மா இருக்கவில்லை. அடையாறு வீட்டு வாசலில், ஆளில்லாத வேனுக்குள், பொழுது சாயும் நேரத்தில் கம்ப்ரசர் டர்ரென்று தானாக ஓடும். கொஞ்ச நேரத்தில் தானாக நிற்கும். முதல் தடவை அம்மா என் முதுகில் ஒன்று வைத்தாள்.

"இன்னாடி வெளையாட்டு இது? செத்த மனுசன வச்சா?"

கதவைத் திறந்தால் வேன் ஹாரன் அலறும்படி முன்பு ஒயர் இழுத்து விளையாடியவள் நான்; என் மேல் சந்தேகம் வராமல் வேறு யார் மேல் வரும்? ஆனால் நான் அவள் பக்கத்தில்தான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன்.

அன்றிலிருந்து பொழுது சாய்ந்தால் வேனுக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறாள். "அவரு வர்ற நேரம். சும்மா இரு" என்கிறாள். காத்தடித்துப் பிழைத்த நீ காத்தாகவே வந்துவிட்டாயா? எனக்கும் பயம்தான். தெருவுக்கே பேய்க்கதை சொல்லிப் பயமுறுத்தியவள், யாரிடம் போய்ச் சொல்வேன்?

போன வாரம் சீட்டுக்கு அடியில் கருகல் வாசனை. கை விட்டுப் பார்த்தேன், உன் திருட்டுத்தனம் சிக்கியது. ஞாயிற்றுக்கிழமை நீ வேலை செய்யக்கூடாதென்று அம்மா வேன் சாவியை இடுப்பில் செருகிக்கொள்வாளே. அதற்காக, சாவியே தேவைப்படாமல் பேட்டரியிலிருந்து நேராகக் கம்ப்ரசருக்கு ஒயர் இழுத்திருக்கிறாய். காற்று டாங்கில் எங்கோ கசிவு. பகல் வெயிலில் தாங்கும் அழுத்தம், பொழுது சாய்ந்து டாங்கு குளிர்ந்ததும் குறைய, அதுவே ஓடி நிரப்பிக்கொள்கிறது. அவ்வளவு கரண்ட் இழுக்கும் மோட்டாருக்கு வீட்டு பல்புக்குப் போடும் மெல்லிய ஒயர். ஃபியூஸ் கிடையாது. அப்படி என்ன அவசரம் நைனா?

அந்தச் சீட்டின் மேல்தான் அம்மா உட்கார்கிறாள்.

"ம்மா, அது நைனா இல்ல. ஒயரு. பத்திக்கும்."

"பத்துனா பத்தட்டும். அதுல கை வச்சே, ஒடிச்சிடுவேன்."

"ஒடி. அப்பால ஒயர யாரு மாத்துவா, நைனாவா?"

அவள் சிரிக்கவில்லை. கம்ப்ரசர் ஓடி நின்றதும் அவள் கையைப் பிடித்து ஒயரில் வைத்தேன். வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். "கொதிக்குதுடி" என்றாள். கடைசிக் காய்ச்சலில் உன் நெற்றியைத் தொட்டபோதும் அதைத்தான் சொன்னாள்.

அப்புறம் தடுக்கவில்லை. தடித்த ஒயர் போட்டேன். பேட்டரியை ஒட்டி ஃபியூஸ். நடுவில் ரிலே என்கிற சுவிட்ச் வைத்து, சாவி திருப்பினால்தான் ஓடும்படி செய்தேன்; அம்மாவிடம் சாவி வாங்கி ஒருமுறை ஓட்டி, டாங்கை நிரப்பியும் பார்த்தேன். அன்று சாயங்காலம் கம்ப்ரசர் ஓடவில்லை. அம்மா வேனை விட்டு இறங்கவும் இல்லை. உன்னை இரண்டாம் தடவை அனுப்பி வைத்தது நானா?

ஏறி அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். மறுபடி அவள் இடுப்பில் செருகியிருந்த சாவியை வாங்கிப் போட்டுத் திருப்பினேன்.

"இன்னாடி பண்றே?"

"உக்காந்துகினு இரு. காத்து கொறையட்டும்."

காத்திருந்தோம். எங்கோ மெல்லிதாக உஸ்ஸென்று ஒரு மூச்சு. வெகுநேரம் கழித்து, டர்ர். அது ஓடி நின்றதும் அம்மா சீட்டுக்கு அடியில் கை விட்டுத் தொட்டுப் பார்த்தாள். கையை எடுக்கவில்லை.

"சூடு எறங்கிட்ச்சிடி" என்றாள்.

அந்தக் கசிவை அடைக்க ஒரு சுற்று டேப் போதும். என் பையிலேயே இருக்கிறது. சத்தியமாக அடைக்க மாட்டேன் நைனா.

உன் சாவிக்காரியின் பக்கத்து சீட்டிலிருந்து,
உன் வாலுப் பொண்ணு