கடி தாங்கலம்மா

அன்புள்ள கிரேன்காரிக்கு,

சலூனில் கூட்டமில்லாத மதிய நேரம். கண்ணாடிக்கு முன்னால் உட்கார்ந்து எழுதுகிறேன். போனில் சொன்னால் நீ அழுவாய், நான் பதறிப்போய் ஏதாவது ஜோக் அடிப்பேன், சொல்ல வந்தது காற்றோடு போய்விடும். அதனால்தான் கடிதம்.

முதலில் நம் வாண்டு. நன்றாக இருக்கிறாள், காய்ச்சல் இல்லை. சுகாதார நிலையத்து நர்ஸம்மா ஒவ்வொரு தடிப்பாகப் பார்த்துவிட்டு, "வெறும் கொசுக்கடிதான், சொறியாம பாத்துக்கங்க, காய்ச்சல் வந்தா மட்டும் உடனே கூட்டிட்டு வாங்க" என்றார். நான் அனுப்பிய போட்டோவில் அம்மை போட்ட பிள்ளை மாதிரி தெரிந்தது உண்மைதான். அதைப் பார்த்துவிட்டு, பயிற்சியும் வேண்டாம் லைசென்ஸும் வேண்டாம், இந்த வாரமே மூட்டை கட்டிக்கொண்டு வருகிறேன் என்று நீ சொன்னதும் கையில் இருந்தது நழுவிக் கீழே விழுந்துவிட்டது. நல்லவேளை, அப்போது கையில் சீப்புதான் இருந்தது, கத்தி இல்லை.

நீ எதற்கு உன்னையே திட்டிக்கொள்கிறாய்? நீ கூப்பிட்டபோதெல்லாம் அவள், "ஒரே கடி, தாங்கலம்மா, தூங்கவே முடியல" என்றுதான் சொன்னாள். நம் வீட்டில் கடி என்றால் யாருக்குத்தான் கொசு ஞாபகம் வரும்? என் ஜோக்குதான் ஞாபகம் வரும். நீயும் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, காதில் பஞ்சு வைத்துக்கொண்டு படு என்று சொன்னாய். அவளும் கொசு ரீங்காரத்துக்கு அம்மா சொன்ன மருந்து என்று நினைத்து அப்படியே செய்தாள். பக்கத்தில் இருந்த நானோ, மகள் என் புகழைத்தான் பாடுகிறாள் என்று மீசையை முறுக்கிக்கொண்டிருந்தேன். கையில் இரண்டு தடிப்பைப் பார்த்தபோதும் எறும்பாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். அறுவையைக் கட்டிக்கொண்டால் இப்படித்தான் ஆகும்.

நர்ஸம்மா சொல்லி விஷயம் தெரிந்ததும் களத்தில் இறங்கினேன். சலூன் நாற்காலியில் உட்காருகிற ஒவ்வொருவரும் ஒரு வைத்தியர். ஒருவர் எலுமிச்சை என்றார். அவள் சொறிந்து புண்ணாக்கி வைத்திருந்த இடத்தில் தேய்த்தேன். வாண்டு போட்ட கூச்சலில் பக்கத்துக் கடைத் தையல்காரக்கா ஓடிவந்து, பழத்தை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள். சவரத்துக்கு வைத்திருக்கும் படிகாரக் கட்டியை எடுத்தேன். அதற்கும் ஒரு முறைப்பு. "முகம் வழிக்கிற சாமானையெல்லாம் புள்ள மேல தேய்க்காத" என்று சொல்லிவிட்டு, ஐஸ்கட்டியைத் துணியில் சுற்றித் தடிப்பின் மேல் கொஞ்ச நேரம் வைத்தாள். அரிப்பு அப்படியே அடங்கியது. அதன் பிறகு சோற்றுக் கற்றாழையைக் கீறி, மஞ்சள் பாலைக் கழுவிவிட்டு, உள்ளே இருக்கும் சதையை மட்டும் தடவுகிறோம். நகத்தை ஒட்ட வெட்டிவிட்டேன். அதில் யாரும் எனக்குப் பாடம் எடுக்க முடியாது.

வேப்பிலைப் புகையும் போட்டுப் பார்த்தேன். கொசு வீட்டிலேயே இருந்தது, நாங்கள் இரண்டு பேரும்தான் இருமிக்கொண்டே வெளியே வந்தோம். இப்போது ஜன்னலுக்கு அக்கா வலை தைத்து, ஓரத்தில் வெல்க்ரோ வைத்துக் கொடுத்திருக்கிறாள். ஃபேனைக் கட்டிலுக்கு நேராக வைத்துவிட்டேன், அந்தக் காற்றில் கொசுவால் பறந்து வந்து உட்கார முடிவதில்லை. சாயங்காலமானால் தொளதொளவென்று முழுக்கைச் சட்டை போட்டுவிடுகிறேன். என் சட்டையைப் போட்டுக்கொண்டு, எனக்கே முடி வெட்ட வருகிறாள்.

இத்தனைக்குப் பிறகும் வீட்டுக்குள் கொசு குறையவில்லை. தண்ணீர் எங்கேயாவது தேங்கி நிற்கிறதா என்று அக்கா கேட்டாள். ஃப்ரிட்ஜுக்கு அடியில் இருக்கும் தட்டு, குளியலறை வாளி எல்லாவற்றையும் கவிழ்த்தேன். கடைசியில் வாண்டுதான் அலமாரி மேல் இருந்த உன் மணி பிளாண்ட் பாட்டில்களைக் காட்டினாள். உள்ளே கொசுப் புழு நெளிகிறது.

அது நீ கிளம்பிய அன்று காலையில் ஊற்றிய தண்ணீர். குறையும்போது மேலே கொஞ்சம் ஊற்றினேனே தவிர, அதைக் கொட்ட எனக்கு மனசு வரவில்லை. நீ ஊற்றியது கொஞ்சமாவது அடியில் இருக்கட்டும் என்று விட்டுவைத்தேன். சிரிக்காதே. பாசத்தைக் காட்டுகிறேன் பேர்வழி என்று தெருவுக்கே கொசு வளர்த்திருக்கிறேன். கொட்டும்போது கஷ்டமாகத்தான் இருந்தது. வாண்டு பாட்டிலுக்குள் பிரஷ் விட்டுத் தேய்த்துக் கழுவி, புதுத் தண்ணீர் ஊற்றி வைத்தாள். இனி வாரா வாரம் மாற்றுவது அவள் வேலை. புதுத் தடிப்பு எதுவும் இல்லை. பழையது கறுத்து உதிர ஆரம்பித்துவிட்டது.

ஆகவே நீ ஓடிவருவதற்கு இங்கே ஒரு காரணமும் இல்லை. முதல் தடவை அந்தக் கிரேன் கூண்டுக்குள் ஏறிவிட்டுக் கூப்பிட்டாயே, அன்றைக்கு உன் குரலில் இருந்த சந்தோஷத்தை நம் கல்யாணத்தன்றுகூட நான் கேட்டதில்லை. பாதியில் வந்துவிட்டால் மறுபடி சேர்த்துக்கொள்ள மாட்டார்கள் என்று நீதானே சொன்னாய். இங்கே வந்து வாண்டுக்குக் கற்றாழை தடவுவாய், சரி. அப்புறம் வருஷம் பூராவும் விட்டுவந்த கிரேனை நினைத்து ஜன்னல் வழியாக வெறித்துப் பார்த்துக்கொண்டு நிற்பாய். அந்த முகத்தை என்னால் பார்க்க முடியாது.

இதையெல்லாம் வாண்டிடம் சொன்னேன். "அம்மா வர்ற வரைக்கும் நான் இருந்துக்குவேன்னு எழுதுப்பா" என்றாள். அவள் பொய் சொல்லமாட்டாள், நம்பு. பரீட்சையை நல்லபடியாக எழுது. நான் இருந்துகொள்வேனா என்று மட்டும் கேட்டு எழுதிவிடாதே. லைசென்ஸோடு வா, நேரில் சொல்கிறேன்.

என்றும் உன்,
சலூன்காரன்