வண்டியில் அடித்த வாடை

1935 டிசம்பர் 11, புதன்.

தோல் ஏற்றிய பழைய லாரிக்குப் பலகை இருக்கையும் கூரையும் படியும் வைத்து, பஸ்ஸாகப் பதிய இன்று ஆம்பூரிலிருந்து வேலூருக்கு ஓட்டிப்போனேன். முதல் பிரயாணியாக மனைவி ராணி, கல்யாணப் புடவையில்.

இருக்கைகளை அளந்த இன்ஸ்பெக்டர் மூக்கைச் சுளித்தார். "தோல் வாடை அடிக்குதே. இதுல எப்படி ஜனங்களை ஏத்துவே?"

எனக்கு எந்த வாடையும் தெரியவில்லை. ஆனால் வாய் முந்திக்கொண்டது.

"வண்டியில இல்லீங்க. இவ தோல் பதனிடுற ஷாப்புல வேலை செய்றா. இவ மேலதான்."

ராணி இறங்கி நின்றாள். அவர் கையெழுத்துப் போட்டார்.

"நான் ரயில்ல வர்றேன்" என்று ஸ்டேஷனுக்கு நடந்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் சீயக்காய் தேய்த்து மூன்று தடவை குளித்தாள். பிறகு என் பக்கத்தில் வந்து, "இப்போ போயிடுச்சா?" என்று கேட்டாள்.

அவள் மேல் வாடை என்றைக்கு எனக்குத் தெரிந்தது, இன்று போய்விட்டது என்று சொல்ல?