பஸ் ஸ்டாண்டில் சிக்கிய கவ்வாத்துக் கத்தி

கோவை
9.8.2001

அப்பாவுக்கு ராஜகுமாரி வணங்கி எழுதறது. நான் நல்லா இருக்கேன். உங்க முழங்கால் வலி தேவலைங்களா? அம்மாவுக்கு இருமல் நின்னுதா?

இங்க ஒரே மாசத்துல மூணு கத்திக்குத்து. பயப்படாதீங்க, எனக்கு பஸ் ஸ்டாண்டுல பை சோதிக்கிற டூட்டிதான். கத்தியோட யார் சிக்கினாலும் உள்ளே போடணும்னு புது கமிஷனர் உத்தரவு.

திங்கக்கிழமை கோத்தகிரி பஸ்ல இறங்கின ஒரு பெரியவர் பையில, சாக்குல சுத்தின நீளக் கத்தி இருந்துச்சு. ஏட்டு அவர் சட்டையைப் பிடிச்சுட்டார். நான் வாங்கிப் பார்த்தேன். தேயிலைச் செடி வெட்டுற நம்ம கவ்வாத்துக் கத்தி. தேயிலை விலை விழுந்து எஸ்டேட்ல வேலை இல்லையாம். எஸ்டேட் மாதிரியே இங்கயும் காலையில ஆள் எடுக்கிற பெரட்டுக்குக் கத்தியோட போய் நின்னாத்தான் பேர் எழுதுவாங்கன்னு நினைச்சு எடுத்துட்டு வந்திருக்கார்.

இன்ஸ்பெக்டர்கிட்ட இதைச் சொன்னேன். "உனக்கு எப்படிம்மா தெரியும்?"னு கேட்டார்.

"நான் முதல்ல பார்த்த கத்திக்காரர் எங்கப்பாதாங்க ஐயா. அந்தக் கத்திதான் என்னைப் படிக்க வெச்சு இந்தக் காக்கியைப் போட்டுவிட்டுது"ன்னேன்.

பெரியவரை விட்டுட்டாங்க. ஏட்டே டீ வாங்கிக் குடுத்தார்.

உங்க பழைய கம்பளித் தொப்பியை யார்கிட்டயாவது குடுத்து விடுங்க. இங்க குளிர் இல்லைதான், இருந்தாலும் வேணும்.

ரோல்கால் விசில் அடிச்சாச்சு. நீங்களும் இங்க வேலை தேடி வர்றதா அம்மா எழுதியிருந்தாங்க. வாங்கப்பா. கத்தியை மட்டும் ஊட்டுலயே வெச்சுட்டு வாங்க. அன்னிக்கு எனக்கு டூட்டி இல்லைன்னா, நீங்க யாருன்னு சொல்ல அங்க ஆள் இருக்காது.

உங்க மகள்
ராஜகுமாரி