பூசையில் வாசித்த இரண்டு பெயர்கள்

பினாங்கு,
செவ்வாய்க்கிழமை.

இயேசுவுக்கே புகழ்.

அன்பு மகள் வனேசாவுக்கு அம்மா எழுதுவது. மாதா தயவில் நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம், என் முட்டி மட்டும் படியேற மாட்டேன் என்று அடம்பிடிக்கிறது. நீயும் மருமகனும் சுகமாக இருக்க தினமும் ஜெபமாலையில் கேட்டுக்கொள்கிறேன். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நீ இறந்துபோய்விட்டதாக இங்கிருந்து யாராவது மெசேஜ் அனுப்பியிருந்தால் பயப்படாதே, அது உன் அப்பா செய்த வேலை. போனில் சொன்னால் பாதியில் சிரிப்பாய், இல்லை அழுவாய், முழுதாகக் கேட்க மாட்டாய். அதோடு நான் போனை எடுத்தாலே அவர் டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டுக் காதை இந்தப் பக்கம் வைத்துக்கொள்கிறார். அதனால்தான் எழுதுகிறேன். சாப்பாட்டுக் கடை சிக்கந்தர் அண்ணன் மகள் ஜன்னத் வெள்ளிக்கிழமை படிப்புக்காக உங்கள் ஊருக்குத் திரும்பிப் போகிறாள், மசாலாப் பொட்டலத்தோடு இதையும் அவள் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

நீ அப்பாவோடு பேசிப் பத்து வாரம் ஆகிறது. உங்கள் அரசாங்கம் போருக்குப் போகிறது என்று அறிவித்த அன்று நடந்ததை நான் மறக்கவில்லை. நீ ஓட்டுப் போட்ட கட்சி செய்தது சரி என்றாய், அவர் தப்பு என்றார், நீ அவரை ஒன்றும் தெரியாதவர் என்றாய், அவர் உடனே, "அந்தக் கட்சிக்கு ஓட்டுப் போட்ட கையால இனிமே எனக்கு போன் பண்ணாத"ன்னு சொல்லி வைத்துவிட்டார். அங்கே அவருக்கு ஒரு ஓட்டுக்கூடக் கிடையாது, ஆனால் உங்கள் ஊரின் இரண்டு கட்சிக்காரர்களையும் பக்கத்து வீட்டுக்காரர்கள் மாதிரிப் பேர் சொல்லித் திட்டுவார். நீயும் லேசுப்பட்டவளா, சொன்ன சொல்லை அப்படியே பிடித்துக்கொண்டாய். கிறிஸ்துமஸுக்குக்கூட எனக்கு மட்டும்தான் வாழ்த்து.

அப்பா ஏன் அப்படிக் கத்தினார் என்று உனக்குத் தெரியும், இருந்தாலும் சொல்கிறேன். ஜப்பான்காரன் இங்கே குண்டு போட்டபோது உன் தாத்தாவின் அக்கா ஓடவில்லை, எல்லாரையும் போல விமானத்தை வேடிக்கை பார்த்துக்கொண்டு தெருவில் நின்றாள், நின்ற இடத்திலேயே போய்விட்டாள். பதினாறு வயது. தாத்தா சாகும்வரை அதைச் சொல்லிச் சொல்லி அப்பா மனதில் ஏற்றிவிட்டார். உன் பக்கமும் எனக்குப் புரிகிறது. மருமகனின் தம்பி டேரில் அங்கே ராணுவத்தில் இருக்கிறான், அவனை அனுப்புகிறவர்கள் சரியாகத்தான் செய்கிறார்கள் என்று நம்பாவிட்டால் அந்த வீட்டில் நீ எப்படிச் சோறு சாப்பிடுவாய். என்னைக் கேட்டால் எனக்கும் இந்தப் போர் பிடிக்கவில்லை, ஆனால் அதற்காகப் பெற்ற பிள்ளையை விடமுடியுமா.

போன ஞாயிறு உன் பிறந்த நாள். வருஷா வருஷம் நான்தான் கோவில் ஆபீசுக்குப் போய் பூசையில் உனக்காக ஜெபிக்கச் சொல்லிக் கருத்துத் தாளில் உன் பெயரை எழுதிக் கொடுப்பேன். இந்த முறை முட்டி வலியில் போகவில்லை, அவரிடம் கேட்கவும் இல்லை, கேட்டால் கத்துவார் என்று பயம். எனக்குத் தெரியாமல் அவரே போயிருக்கிறார், மோட்டார் சைக்கிளில், மூக்குக் கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு. அந்தத் தாளில் நன்றிக்கு ஒரு கட்டம், வேண்டுதலுக்கு ஒரு கட்டம், இறந்தவர்களுக்கு ஒரு கட்டம். மனுஷன் எதில் டிக் போட்டார் என்று நீயே ஊகித்துக்கொள். தமிழ்ப் பூசை தொடங்குமுன் நோர்மா டீச்சர் மைக்கில் பெயர்களை வரிசையாக வாசித்துக்கொண்டே வந்தவள், வனேசா, டேரில் ஆகியோரின் ஆன்ம இளைப்பாற்றிக்காக என்று வாசித்துவிட்டாள். டேரில் பெயரையும் அவர் எழுதியிருந்தார் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். முன்வரிசையில் எல்லாரும் திரும்பி எங்களைப் பார்க்கிறார்கள். அப்பா எழுந்து நின்றார். "டீச்சர், என் மக உயிரோடதான் இருக்கா. அந்தப் பையனும் உயிரோடதான் இருக்கான்"ன்னு கோவில் முழுக்கக் கேட்கிற மாதிரிச் சொன்னார். சொல்லிவிட்டு உட்காரத் தெரியாமல் நின்றார், நான்தான் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தேன். பிறகு பூசை முடியும்வரை கைக்குட்டையை முகத்திலிருந்து எடுக்கவில்லை. நாற்பத்தொரு வருஷத்தில் அவர் அழுது நான் பார்த்தது இரண்டாவது தடவை. பாதர் சிரிக்கவில்லை, இறங்கி வந்து, இந்த இரண்டு பிள்ளைகளும் நூறு வயது இருக்க எல்லாரும் ஜெபிப்போம் என்று சொல்லி முதலிலிருந்து தொடங்கினார்.

ஆனால் பாதிப் பேர் காதில் முதலில் வாசித்தது மட்டும்தான் ஏறியிருக்கிறது, போர் நடக்கிற நேரம் வேறு, கேட்கவா வேண்டும். நாங்கள் வீடு சேருமுன் சூலியா தெருக் கடை வரை செய்தி போய்விட்டது. மத்தியானம் சிக்கந்தர் அண்ணன் வேனில் வந்து இறங்கினார், சாவு வீட்டில் அடுப்பு எரியாதே என்று இருபது பொட்டலம் நாசி கண்டார், சோறும் குழம்புமாக. கதவைத் திறந்த அப்பாவைக் கட்டிக்கொண்டு அவர் அழ, அப்பா விஷயத்தைச் சொல்ல, "அண்ணே, மக பேர எழுதத் தெரியுது, மகளுக்கு போன் பண்ணத் தெரியலையாலா"ன்னு அவர் கேட்டார், அப்பா பொட்டலங்களை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். இரண்டு நாளாக அந்தச் சோற்றைத்தான் சூடு பண்ணித் தின்கிறோம்.

அவர் மாறிவிட்டார் என்று நினைத்துவிடாதே, நேற்றுகூட டிவியில் உங்கள் மந்திரி ஒருவரைப் பார்த்து வாழைப்பழத் தோலை எறிந்தார். நீயும் மாறவேண்டாம். கட்சி உன்னுடையது, ஓட்டு உன்னுடையது. ஆனால் டேரில் நல்லபடியாக வீடு திரும்பவேண்டும் என்பதில் இந்த வீட்டுக்கும் அந்த வீட்டுக்கும் ஒரே கட்சிதான், அதைக் கோவிலில் எல்லாருக்கும் முன்னால் உன் அப்பாவே சொல்லிவிட்டார். அவன் அம்மாவிடமும் இதைச் சொல்லு, அவளுக்கும் கொஞ்சம் சிரிப்பு வரட்டும். நாள் முழுக்க நியூஸ் பார்த்துக்கொண்டு உட்காராதே, வேளைக்குச் சாப்பிடு, மசாலாவைத் திறந்ததும் பாட்டிலில் போட்டு இறுக்கி மூடு. இங்கே காலை எட்டு மணிக்கு அவர் பசியாறிவிட்டு வாசல் பக்கம் உட்காருவார், போன் பக்கத்திலேயே இருக்கும், உனக்கு அப்போது முந்தின நாள் ராத்திரி. அந்த நேரத்தில் நான் குளிக்கப் போய்விடுகிறேன்.

உன்னையும் மருமகனையும் டேரிலையும் மாதா தன் சேலைக்குள் வைத்துக் காப்பாற்றட்டும். நெற்றியில் சிலுவை போட்டு முத்தம்.

உன் அம்மா,
அமலம்மாள்.

இன்னொன்று, உறையை ஒட்டுமுன் அவர் பார்த்துவிட்டார். முழுதும் படித்துவிட்டுப் பேனாவைக் கேட்கிறார். கீழே இருப்பது அவர் கையெழுத்து, இந்த முறை கண்ணாடி போட்டிருக்கிறார்.

வனேசா, போர் தப்புதான். எந்தக் கையாலயாவது போன் பண்ணு. அப்பா.