அம்மா சொன்ன தப்பு நம்பர்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நாங்கள் இருவரும் சௌக்கியம், நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்குகிறாய் என்று நம்பித்தான் பேனாவை எடுத்தேன். அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, பச்சைக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வீட்டுக்குள்ளேயே மிடுக்காக நடக்கிறார். மாடிக் குழாய் இன்னும் ஒழுகுகிறது, ஞாயிறு வந்து பார்க்கிறேன் என்று அண்ணன் நாலு ஞாயிறாகச் சொல்கிறான்.

விஷயம் அதுவல்ல. போன திங்கட்கிழமை உன் பழைய பேராசிரியர் வீட்டுக்கே வந்தார். வந்தார் என்ன, வந்தான். மூன்று வருஷம் கம்ப்யூட்டரில் செயற்கை வானத்தை ஓட்டி ஓட்டி நீ கண்டுபிடித்தாயே ஒரு சின்ன விண்மீன் மண்டலம், பக்கத்துப் பெரிய மண்டலம் கரும்பொருளை எல்லாம் உருவிக்கொண்டு மொட்டையாக விட்டது, அதைத் தன் பெயரில் மட்டும் கட்டுரையாக்கியவன். அவனிடமிருந்து நீ கிளம்பிய வாரமே, படங்களையும் புரோகிராமையும் மட்டும் எடுத்துக்கொண்டு, கம்ப்யூட்டரில் நீ வைத்திருந்ததை எல்லாம் அழிக்கச் சொன்னவன். அதோடு நீ கொடுத்த தொடக்க எண்ணும் போய்விட்டது. இப்போது ஆராய்ச்சிப் பத்திரிகைக்காரர்கள் மறுபடி ஓட்டிக் காட்டு என்கிறார்களாம். அதே எண்ணைக் கொடுத்தால்தான் அதே இடத்தில் அதே மண்டலம் பிறக்கும், ஓர் இலக்கம் மாறினாலும் வானமே வேறு என்று நீதானே எனக்குச் சொன்னாய். நீ போனை எடுப்பதில்லையாம், அந்தத் தொடக்க எண் அம்மாவின் ஆபீஸ் ஊழியர் நம்பர் என்று நீ சொன்ன ஞாபகமாம், தேனொழுகக் கேட்டான். நீ அன்றைக்குப் பெட்டியோடு வந்து குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுத சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. காபி கொடுத்தேன், நம்பரும் கொடுத்தேன். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பத்தொரு வருஷம் நம்பர் சொன்னவள், ஒருநாளும் தப்பாகச் சொன்னதில்லை. அன்றைக்குச் சொன்னேன், கடைசி இரண்டு இலக்கத்தை இடம் மாற்றி. திரும்பச் சொல்லிச் சரிபார்த்தான், ஆமாம் ஸார் என்றேன். அவன் பாவம் என்கிறார் அப்பா. முதலில் கண் ஆறட்டும், பிறகு பாவம் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டேன்.

ஓடி முடிய நாற்பது நாளாம். எல்லார் முன்னாலும் திரையில் வேறு வானம் வரும்போது அவன் முழிக்கிற முழியைப் பார்க்க நான் அங்கே இருக்கமாட்டேனே என்பதுதான் குறை. போனில் சொன்னால் இரக்கப்பட்டுத் தடுத்துவிடுவாய், நீ அப்பா மாதிரி, அதனால்தான் கடிதம். ஆனால் அவன் திணறினால் மட்டும் போதாது, உன் பெயர் திரும்பி வரவேண்டும். புரோகிராம் உன்னிடமும் இருக்கிறது, அங்கே மெஷின் இன்னும் வேகம் என்றாயே, இன்றே ஓட்டி உன் பெயரில் அனுப்பு. குளிருக்குக் காதை மூடிக்கொள். ஒரு குறையும் இல்லாமல் நீ நிமிர்ந்து நிற்பாய், அது அம்மா வாக்கு.

இப்படிக்கு,
உன் அம்மா,
ஊழியர் எண் 62847.
இதுதான் சரியான நம்பர்.