வெள்ளியின் மேகத்தில் ஒரு கரும்புள்ளி

நாள் 212. காலை 9.10. உள்ளே வெப்பம் 29.
வெள்ளிக் கிரகத்தின் மேகத்தில் தொங்கும் பலூன் நிலையம். ஆள் ஒருவன்: பொன்னுரங்கம், வயது ஐம்பத்தொன்று. தொப்பையைத் தனியாகக் கணக்கெடுக்கவில்லை. கடிகாரத்தில் காலை, வெளியே இருட்டு, இது கிரகத்தின் இரவுப் பக்கம். அகச்சிவப்பு அளவீடு முடிந்தது. கொதிக்கும் தரையிலிருந்து கிளம்பும் வெப்பக் கதிரைக் கரியமில வாயு வழியிலேயே விழுங்கிவிடுகிறது. சில அலைநீளங்களை மட்டும், போனால் போகிறது என்று மேலே விடுகிறது. எங்கள் ஆபீஸில் லீவு கொடுப்பது மாதிரி.

நாள் 214. காலை 11.40. வெப்பம் 37.
பலூன் கசிகிறது. இறங்கிக்கொண்டிருக்கிறேன். கசிவைச் சொன்ன கையோடு பேசும் கருவியை மேகத்து அமிலம் தின்றுவிட்டது; கேட்கும் கருவி மட்டும் மிச்சம். கல்யாணமானவனுக்குப் பழகிய ஏற்பாடுதான். மேலே சுற்றும் கப்பலிலிருந்து பூங்கோதை சொன்னாள்: மீட்பு ஓடம் ஒன்றுதான், ஓட்டுபவன் தனபால். ஒரு தடவை இறங்கி ஏறத்தான் எரிபொருள். வாயு விடுகிற அலைநீளத்தில் விளக்கைப் போட்டு இடத்தைக் காட்ட வேண்டுமாம். போட்டேன்.

பிற்பகல் 3.15. வெப்பம் 42.
"அண்ணே, உங்க விளக்கு தெரியல. தரையே அதே அலைநீளத்துல ஜொலிக்குது, அதுல உங்க லைட்டு எந்த மூலைக்கு? கறுப்புத் திரையை விரிச்சு, கீழேருந்து வர்றதை மறைங்க. கரும்புள்ளியாத் தெரிவீங்க."
கெட்டிக்காரி. திரைப்பெட்டியின் கைப்பிடிதான் சுற்ற மாட்டேன் என்கிறது. முதுகும் அதன் கட்சி.

மாலை 5.05. வெப்பம் 46.
"பாத்துட்டோம் அண்ணே. நல்லா பெரிய புள்ளி. காத்தோட வேகத்துலயே போறீங்க, சந்தேகமே இல்ல. தனபால் கிளம்பிட்டான்."
திரை இன்னும் பெட்டிக்குள்தான். கைப்பிடி உடைந்து கையோடு வந்துவிட்டது. அவர்கள் பார்த்தது தடித்த மேகம். அதுவும் தரை வெளிச்சத்தை மறைக்கும். அதுவும் இதே காற்றில்தானே போகும், பூங்கோதை. உனக்கும் தூக்கமில்லை போல. அது நானில்லை என்று காட்ட விளக்கை அணைத்து, மறுபடி போட்டேன். அணைத்துப் போட்டேன். யார் பார்க்கிறார்கள்.

5.50. வெப்பம் 51.
பனியனையும் கழற்றியாயிற்று. கண்டெடுப்பவர் மன்னிக்க. எழுத்து வழுக்குகிறது, வியர்வை
தனபால் பேசுகிறான்.
"அண்ணே, புள்ளிக்குள்ள வந்துட்டேன். வெறும் மேகமா இருக்கு. எங்க இருக்கீங்க?"
இங்கே என்றேன்.
அறை முழுக்கக் கேட்டது.