எனக்குக் கிடைத்த முதல் பரிசை நிறுத்திவைக்கக் கோருதல்

அனுப்புநர்
பெ. ஜெரோம்,
முனைவர் பட்ட ஆய்வு மாணவர்,
நெம்மேலி.

பெறுநர்
செயலாளர் அவர்கள்,
கடலோர இளம் ஆய்வாளர் மன்றம்,
செங்கல்பட்டு.

பொருள்: மாமல்லபுரத்தில் நடந்த ஆய்வுரைப் போட்டி – முதல் பரிசு தவறான ஆளுக்கு, அதாவது எனக்கு, வழங்கப்பட்டது – மறுபோட்டி வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. கடந்த சனிக்கிழமை நடந்த போட்டியில், உப்புக்காற்றில் கட்டடக் கம்பிகள் துருப்பிடிப்பது பற்றி நான் பேசினேன். பேசினேன் என்பதைவிட, திரையில் இருந்ததை வாசித்தேன் என்பதே சரி. குறித்த நேரத்தில் முடித்தேன். யாரும் கேள்வி கேட்கவில்லை. முன்வரிசையில் ஒருவர் உறங்கியதையும் மறைக்க விரும்பவில்லை.

2. அடுத்துப் பேசிய செல்வி சா. ரூத், ஜெல்லி மீன்கள் எந்தக் காற்றுக்குக் கூட்டமாகக் கரை ஒதுங்குகின்றன என்று ஆராய்பவர். அவர் தொடங்கியதும் மின்சாரம் போயிற்று. அவர் சற்றும் கலங்காமல், நடுவர் குழுத் தலைவர் திரு. வெங்கடராகவன் அவர்களின் குடையை இரவல் வாங்கி, அதை மூடி மூடித் திறந்து ஜெல்லி மீன் நீந்தும் விதத்தைக் காட்டினார். எங்களை எழுப்பி, கடல் நீரோட்டமாக ஒருபக்கம் சாயச் சொன்னார். அரங்கமே சாய்ந்தது. நடுவர்களும் சாய்ந்தனர். அந்நேரம் குடை மடங்கித் தலைகீழாக விரிந்துவிட, "அலையில மாட்டுனா அதுக்கும் இதே கதிதான்!" என்றார். அதன்பின் எழுந்த சிரிப்பும் கைதட்டலும் அடங்க வெகுநேரமாயிற்று.

3. அந்த நேரத்தையும் அவர் கணக்கில் சேர்த்து, நேரம் மீறியதாக அவரை நீக்கிவிட்டனர். எச்சரிக்கை மணி அடிக்கப்பட்டதாகக் கூறப்படுகிறது. அடித்தவரும் சிரித்துக்கொண்டிருந்ததால் அது எவர் காதிலும் விழவில்லை.

4. பரிசுக் கோப்பையுடன், போட்டியைக் காண வந்திருந்த என் தாயார் திருமதி பாப்பாவும் நானும் பேருந்தில் திரும்பினோம். அவர் வழிநெடுக, "அது குடை மாரி சுருங்கி சுருங்கிப் போவுதாம்மா!" என்று பக்கத்து இருக்கைப் பெண்ணுக்கு முந்தானையை விரித்துக் காட்டிக்கொண்டே வந்தார். பொறுக்க முடியாமல், "என்னுது எப்படிம்மா இருந்துச்சி?" என்று கேட்டேன். என்னை மேலும் கீழும் பார்த்து, "சட்ட நல்லா இருந்துச்சிடா" என்றார். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆய்வை மக்கள் மனத்தில் பதிய வைத்தவர் யார் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

5. மறுநாள் கோப்பையை செல்வி ரூத்திடம் கொடுக்கச் சென்றேன். அவர் வாங்க மறுத்து, "இன்னா, வுட்டுக் குடுக்க வந்துகீறியா? எனக்கு வாணாம். திரும்ப மேட போடச் சொல்லு, நேரா ஜெயிச்சிக்கிறேன்" என்றார். அந்தக் கணத்திலிருந்து எனக்கு உறக்கம் பிடிக்கவில்லை. வருத்தத்தால் அல்ல, உற்சாகத்தால். திரைக்காட்சி அனைத்தையும் அழித்துவிட்டேன். துருப்பிடித்த கம்பி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, மாடியில் காக்கைகளுக்குப் பேசிப் பழகி வருகிறேன். ஆய்வு செய்வது இவ்வளவு குதூகலமானது என்று எனக்கு இதுவரை யாரும் சொல்லவில்லை.

6. ஆகவே, முதல் பரிசு பெற்றவரைக் கொச்சியில் நடக்கும் அடுத்த சுற்றுக்கு அனுப்பும் முன், எங்கள் இருவருக்கும் மறுபோட்டி நடத்தவும், சிரிப்புக்கும் கைதட்டலுக்கும் ஆகும் நேரத்தைக் கழித்துவிடவும் ஆணையிடுமாறு பணிந்து வேண்டுகிறேன். தோற்றால் நானே முதலில் எழுந்து கைதட்டுவேன்.

இடம்: நெம்மேலி
நாள்: 11.02.2025

தங்கள் ஆணையை ஆவலுடன் எதிர்நோக்கும்,
(ஒப்பம்) பெ. ஜெரோம்

மனுவைப் படித்தேன், சம்மதம். ஜெரோமை முதலில் பேச விடவும். எனக்குப் பிறகு என்றால் பாவம்.
(ஒப்பம்) சா. ரூத்